ராமோனின் இடது கை

டெக்சாஸில் காப்பெல் என்ற ஊரில் நான் பேட்டிங் சொல்லிக்கொடுக்கும் இடத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் நம் வீட்டுப் பிள்ளைகள். போன மாதம் அவர்களுடைய அப்பா அம்மாக்கள் ஒரு சனிக்கிழமை மதியம் கூட்டம் போட்டு என்னைப் பேசச் சொன்னார்கள். மேஜர் லீக் பேஸ்பால் ஆடிய தமிழன் என்று அறிமுகம் செய்தார்கள். நான் பேசியது பத்து நிமிடம். அவர்கள் கேள்வி கேட்டது ஒரு மணி நேரம். காலேஜ் அட்மிஷனுக்கு எந்த வயதில் ஸ்டார்ட் பண்ண வேண்டும், எந்த பேட் வாங்க வேண்டும், கோடையில் எந்த கேம்ப். கடைசியில் ஒரு பெண்மணி, "உங்க கரியர்ல மறக்கவே முடியாத நாள் எது பிரதர்?" என்றார்.

"மேஜர் லீக் மைதானத்தில் முதல் தடவை பேட்டோடு நடந்து போன நாள்" என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

அது பொய். என்னால் மறக்க முடியாதது அதற்கு முந்தின நாள். அதைப் பிள்ளைகள் முன்னால் சொல்ல முடியாது. ஆனால் இத்தனை வருடமாக அதை யாரிடமுமே சொல்லாததற்குப் பிள்ளைகள் காரணம் இல்லை.

நான் மேலப்பாளையத்தில் ஏழாம் வகுப்பு வரை படித்தவன். வாப்பாவுக்கு நியூ ஜெர்சியில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்ததும் வெஸ்ட் வின்ட்சருக்கு வந்தோம். பள்ளியில் பேஸ்பால் கோச் ஒருவர் நான் பந்தை அடிப்பதைப் பார்த்து, பெயர்கூடக் கேட்காமல், தோளைப் பிடித்து அழுத்திப் பார்த்தார். மாட்டுச் சந்தையில் செய்வதைப் போல. அன்றிலிருந்து இருபது வருடத்துக்கு மேல் என்னை எல்லோரும் அப்படித்தான் பார்த்தார்கள். எனக்கு ஓட்டம் வராது, பந்து பிடிப்பதும் சுமார்தான். என்னை வைத்திருந்தது ஒரே காரியத்துக்கு: பந்தை வேலிக்கு வெளியே அடிக்க. நம் கிரிக்கெட்டில் சிக்ஸர் என்போம், இங்கே ஹோம் ரன். அதை அடிக்கிற வாரம் ராஜா, அடிக்காத வாரம் பஸ்ஸில் யாரும் பக்கத்தில் உட்கார மாட்டார்கள்.

கல்லூரி முடிந்து ஒரு அணி என்னை எடுத்தது. எடுத்தவர்களை நேரே பெரிய அணிக்கு அனுப்ப மாட்டார்கள். கீழே மைனர் லீக் என்று படிப்படியாக அணிகள் உண்டு. ஆறு வருடத்தில் ஏறி, கடைசிப் படியான டெக்சாஸ் அணிக்கு வந்தேன். அதற்கு மேல் மேஜர் லீக்தான். அந்தக் கடைசிப் படியில் நிற்கிறவர்கள் எல்லோரும் ஒன்றுக்காகத்தான் காத்திருப்பார்கள்: மேலே யாருக்காவது அடிபட வேண்டும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் பெரிய அணியின் ஆட்டம் டிவியில் ஓடும்போது, அங்கே ஒருவன் காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தால், எங்கள் அறையில் சாப்பிடுகிற சத்தம் நின்றுவிடும்.

அங்கேதான் ராமோன் எனக்கு ரூம்மேட்டாக வந்தான். டொமினிக்கன் நாட்டுக்காரன், குடும்பம் நியூ ஜெர்சியில். என்னைவிட மூன்று வயது மூத்தவன். எங்கள் இருவருக்கும் இடம் ஒன்றுதான், முதல் பேஸ்: அடித்தவன் ஓடி வரும் முதல் மூலையில் நின்று பந்தைப் பிடிப்பது. ஒருநாள் அவன் ஆடுவான், ஒருநாள் நான். போட்டி என்று பார்த்தால் எதிரி. ஆனால் அவ்வளவு நல்ல மனிதனை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. அந்த வருடம் நோன்பு மாதம் ஆட்டப் பருவத்தின் நடுவில் வந்தது. மதியம் இரண்டு மணிக்குப் பயிற்சி, தலைக்கு மேல் டெக்சாஸ் வெயில். நான் இரண்டு நாள் நோன்பு பிடித்தேன். அந்த இரண்டு நாளும் ராமோன் என் முன்னால் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. மூன்றாம் நாள் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது, விட்டுவிட்டேன். உம்மாவிடம் மட்டும் போனில், "பிடிக்கிறேன் உம்மா, ஒண்ணும் கஷ்டமில்ல" என்று மாதம் முழுக்கச் சொன்னேன். எனக்கு வேலை முக்கியம் என்றால் பொய் சரளமாக வரும் என்று அப்போதே தெரிந்துகொண்டேன்.

ராமோன் பதினோரு வருடமாக மைனர் லீக்கில் இருந்தான். ஒருநாள்கூட மேலே போனதில்லை. அவன் பெரிதாக எதற்கும் ஆசைப்படவில்லை. "ஒரே ஒரு தடவை அங்க பேட்டோட நின்னா போதும், நசீர்" என்பான். நாங்கள் பேசியது ஆங்கிலத்தில், என் காதில் இப்போது தமிழாகத்தான் கேட்கிறது. "ஒரு பந்து ஆடினவன் பேரும் ரெக்கார்டுல ஏறிடும். நான் செத்தப்புறமும் அதை எவனும் அழிக்க முடியாது."

ஜூலையில் ஒரு ஆட்டத்தில் அவன் பேட்டைப் பலமாக வீசி, பந்தைத் தவறவிட்டான். பார்க்கிறவர்களுக்கு அது ஒன்றுமில்லை. அவன் திரும்பி வந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தபோது இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். மறுநாள் காலை அவனால் பற்பசை மூடியைத் திறக்க முடியவில்லை.

உள்ளங்கையில், சுண்டுவிரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டை ஒட்டிக் கொக்கி மாதிரி ஒரு சின்ன எலும்பு இருக்கிறது. பலமாக அடிக்கிறவர்கள் பேட்டின் அடிக் குமிழைச் சரியாக அந்த இடத்தில் அணைத்துப் பிடிப்போம். வருடக்கணக்காகக் குமிழ் அதில் இடித்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் உடையும். உடைந்தால் அந்தத் துண்டை வெட்டி எடுப்பதுதான் வைத்தியம். கை வாரங்களில் ஆறிவிடும். அடிக்கிற பலம் திரும்பி வர ஒரு வருடம் ஆகும், சிலருக்கு வரவே வராது. எங்கள் தொழிலில் எல்லோருக்கும் இது தெரியும். ராமோன் கையை ஒரு தடவை அழுத்திப் பார்த்தான். நான் பற்பசை மூடியைத் திறந்து கொடுத்தேன்.

அதே வாரம் பெரிய அணியின் முதல் பேஸ்காரனுக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது என்று செய்தி வந்தது. இன்றோ நாளையோ உட்காருவான். உட்கார்ந்தால் மேலே போகப்போவது ராமோன்தான் என்று எங்கள் துணி வெளுக்கிறவருக்கும் தெரியும். அந்த சீசனில் என்னைவிட அவன் நன்றாக ஆடியிருந்தான்.

"ஒரு வாரம் மறைச்சா போதும்" என்றான் ராமோன். "நீ கட்டிவிடு."

ஒன்பது நாள் கட்டினேன். மோட்டல் பாத்ரூமில் கமோட் மூடியின் மேல் அவன் உட்காருவான், நான் குளியல் தொட்டி விளிம்பில். முதலில் ஷூவுக்குள் போடும் ஸ்பாஞ்சை ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு, ஓட்டை அந்த எலும்பின் மேல் வருமாறு வைப்பேன். அப்படி வைத்தால் குமிழ் எலும்பைத் தொடாது, சுற்றியுள்ள சதையைத்தான் அழுத்தும். அதன் மேல் தோல் நிறத்து டேப். மணிக்கட்டைச் சுற்றி இரண்டு, பெருவிரலுக்குக் குறுக்கே ஒன்று, மறுபடி மணிக்கட்டு. வெள்ளை டேப் போட்டால், ஆட்டக்காரர்களின் காயத்தைக் கவனிக்கிற ட்ரெய்னர் கண்ணில் படும். இறுக்கமாகக் கட்டினால் விரல் நீலமாகும், தளர்வாகக் கட்டினால் வலி தாங்காது. எல்லாம் முடிந்ததும் அவன் கையுறையை மாட்டி, காற்றில் ஒரு தடவை வீசிப் பார்ப்பான். முகம் மாறாமல் வீசும் வரை நாங்கள் வெளியே போக மாட்டோம். சில நாள் நாலு தடவை, ஐந்து தடவை அவிழ்த்துக் கட்டுவேன். ஒருநாள் அவன் உதட்டைக் கடித்ததில் ரத்தம் வந்தது. "சிரிக்கிற மாதிரி வச்சுக்கோ" என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

எங்கள் மேனேஜர் பெயர் டேல். நம் ஆபீஸ் மேனேஜர் இல்லை, அணியை ஆட வைக்கிறவர். யார் ஆடுவது, யார் உட்காருவது, யார் மேலே போவது, யார் வீட்டுக்குப் போவது, எல்லாம் அவர் வாயிலிருந்துதான் வரும். டெக்சாஸ்காரர், அறுபதை நெருங்கியவர். கத்த மாட்டார், கெட்ட வார்த்தை பேச மாட்டார். உள்ளே கூப்பிட்டால் முதலில் அப்பா அம்மா நலம் விசாரிப்பார். அன்றைய ஆட்டக்காரர்களின் பட்டியலைப் பென்சிலால் எழுதுவார், முத்து முத்தான கையெழுத்து. ஆட்டக்காரனிடம் ஒருபோதும் பொய் சொன்னதில்லை என்று அவருக்குப் பெரிய பெருமை. அது உண்மையும்கூட. முப்பது வயது மனிதனை உட்கார வைத்து, "உன்னால இதுக்கு மேல முடியாது" என்று கண்ணைப் பார்த்துச் சொல்வார். சொல்லிவிட்டு எழுந்து கை கொடுப்பார். அவர் அறையிலிருந்து அழுதுகொண்டு வந்தவர்கள்கூட அவரை நல்ல மனிதர் என்றுதான் சொல்வார்கள்.

ஒன்பதாம் நாள் மதியம், பயிற்சிக்கு முன்னால், என்னைக் கூப்பிட்டனுப்பினார். உள்ளே போனேன். அவர் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார்.

"அப்பா எப்படி இருக்கார்? இன்னும் கம்ப்யூட்டர்தானா?"

"ஆமா சார். நல்லா இருக்கார்."

"உட்காரு." நான் உட்கார்ந்தேன். அவர் நிமிரவில்லை. ஒரு பெயரை எழுதி முடித்து அடுத்த வரிக்கு வந்தார். "ராமோனோட கை எப்படி இருக்கு?"

இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று ஒரு நூறு தடவை யோசித்திருப்பேன். 'எனக்குத் தெரியாது' என்று சொல்லியிருக்கலாம், பொய் எனக்குப் புதிதில்லை. 'அவனையே கேளுங்கள் சார்' என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை, துரோகமும் இல்லை.

நான் சொன்னது இது: "உடைஞ்சிருக்கு சார். ஒன்பது நாளா நான்தான் கட்டிவிடுறேன்."

பென்சில் நின்றது. அதோடு நானும் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஸ்பாஞ்ச், டேப், காலையில் எத்தனை மாத்திரை, மதியம் எத்தனை மாத்திரை, எல்லாவற்றையும் சொன்னேன். கதவுக் குமிழைத் திருகக்கூட அவனுக்கு வலது கைதான் என்றும் சொன்னேன். அவர் கேட்கவே இல்லை. மடை திறந்த மாதிரி வந்தது. சொல்லும்போதே மனதுக்குள், அவன் நன்மைக்குத்தான், இப்படியே ஆடினால் கையே போய்விடும் என்று ஒரு குரல் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் குரலை நான் ஒரு நிமிடம்கூட நம்பவில்லை.

"தேங்க் யூ, நசீர்" என்றார் டேல். "கதவைத் திறந்தே வச்சிட்டுப் போ."

அரை மணி நேரத்தில் ராமோனைக் கூப்பிட்டார்கள். அவன் உள்ளே போனதும் கதவு மூடியது. நான் என் லாக்கர் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து ஷூ லேஸைக் கட்டி அவிழ்த்துக்கொண்டிருந்தேன். கால் மணி நேரம் கழித்து வந்தான். யாரையும் பார்க்கவில்லை. தன் பெட்டிக்கு முன்னால் நின்று, நான் காலையில் கட்டிய டேப்பைப் பல்லால் கடித்து இழுத்து உரித்தான். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்கள்.

டேல் எழுந்து நின்று கை கொடுத்தார். "நாளைக்கு நீ பெரிய அணியில ஆடுறே. போய் உங்க அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லு."

இந்த வார்த்தைக்காக ஆறு வருடம் காத்திருந்தவன் நான். கேட்டதும் என்ன தோன்றியது என்று உண்மையைச் சொன்னால், சந்தோஷம்தான். சுத்தமான சந்தோஷம். அதில் எந்தக் கலப்பும் இல்லை. வெட்கம் எல்லாம் பிறகுதான் வந்தது.

வெளியே வந்தேன். ராமோன் எழுந்து வந்து வலது கையால் என்னைக் கட்டிப் பிடித்தான். "எனக்கும் சேர்த்து ஒண்ணு அடி" என்றான்.

அப்போது நான் கேட்டேன், "அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

அவன் என்னைப் பார்த்தான். "ட்ரெய்னர் பார்த்திருப்பான் போல" என்றான். "நீ கிளம்பு, ஃப்ளைட்டுக்கு நேரமாச்சு."

பெரிய அணி அந்த வாரம் கிழக்குக் கரையில் ஆடிக்கொண்டிருந்தது. வாப்பாவும் உம்மாவும் வெஸ்ட் வின்ட்சரிலிருந்து காரில் வந்தார்கள். ஆறு வருடமாகப் பள்ளிவாசலில் யாராவது "பையன் எந்த கம்பெனி?" என்று கேட்டால், "ஸ்போர்ட்ஸ் லைன்ல இருக்கான்" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுகிற வாப்பா, அன்று அணியின் தொப்பியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பதினொரு நாள் அங்கே இருந்தேன். எல்லா நாளும் ஆட விடவில்லை. ஆடவிட்ட நாளெல்லாம், பந்தை எங்கே போட்டால் என்னால் அடிக்க முடியாதோ அங்கே மிகச் சரியாகப் போட்டார்கள். அடிக்காமல் திரும்பினேன், திரும்பத் திரும்ப. ஒரே ஒரு தடவை பந்து பேட்டின் நடுவில் பட்டது. பட்டதுமே தெரியும், கையில் எதுவுமே படாத மாதிரி இருக்கும். பந்து உயரே போனது. நான் ஓடத் தொடங்கி, பாதியில் நடந்தேன், அவ்வளவு நிச்சயம். வேலியை ஒட்டி அவர்கள் ஆள் குதித்து, வேலிக்கு மேலே கையை நீட்டிப் பிடித்துவிட்டான்.

ஆட்டம் முடிந்து வாப்பா கேட்டார், "ஏல, அது சிக்ஸர்லா? கோட்டைத் தாண்டித்தானே பிடிச்சான்?"

"இங்க அது அவுட் வாப்பா."

"என்னல கேம் இது" என்றார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். உம்மா, "வண்டியில நெய்ச்சோறு இருக்கு, சாப்பிட்டுட்டுப் போ" என்றாள்.

பன்னிரண்டாம் நாள் என்னைக் கீழே அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது மோட்டல் அறையில் ராமோனின் கட்டில் காலியாக இருந்தது. கையில் அறுவைசிகிச்சை முடித்து நியூ ஜெர்சிக்குப் போயிருந்தான். அடுத்த வருடம் அவனை அணி கூப்பிடவில்லை. வேறு யாரும் கூப்பிடவில்லை.

நான் அதன் பிறகும் எட்டு வருடம் மைனர் லீக்கில் ஆடினேன். மறுபடி மேலே கூப்பிடவே இல்லை. டேல் ஓய்வு பெற்றார். அவர் நாற்காலியில் வந்தவர் பென்சிலைத் தொடவில்லை, பட்டியல் கம்ப்யூட்டரிலிருந்து வந்தது. பேட்டின் குமிழில் ஒரு சின்னக் கருவியை மாட்டி, எவ்வளவு வேகமாக வீசுகிறேன் என்று அளந்தார்கள். கடைசியில் கலிபோர்னியாவின் பே ஏரியாவிலிருந்து வந்த ஒரு பையன், என்னைவிடப் பத்து வயது சின்னவன், லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். ஒரு கோடு கீழே இறங்கிக்கொண்டிருந்தது. "இது நீங்க" என்றான். என்னை நீக்கிய செய்தி ஒரு வாரம் கழித்துப் போனில் வந்தது. கை கொடுக்கக்கூட எதிரில் ஆள் இல்லை. டேலை எனக்குப் பிடிக்காது, ஆனாலும் அன்று அவரை நினைத்துக்கொண்டேன்.

இத்தனை வருடமும் ராமோனுக்கு நான் மாதம் ஒரு தடவை போன் செய்வேன். குழந்தைகள் பிறந்தபோது துணிமணி அனுப்பினேன். அவன் தம்பி மகனுக்கு நான் ஆடிய பேட்டை அனுப்பினேன். அவனும் எடுத்துப் பேசுவான். அந்த ஜூலை மாதத்தைப் பற்றி இருவரும் பேசியதில்லை. நான் செய்வது நட்பு என்று என் மனைவி நினைத்தாள். அபராதம் என்று எனக்குத் தெரியும்.

போன வாரம், காப்பெல் கூட்டம் முடிந்து சில நாளில், வாப்பாவைப் பார்க்க வெஸ்ட் வின்ட்சருக்குப் போனேன். அங்கிருந்து ராமோன் வீட்டுக்கு ஒரு மணி நேர டிரைவ். சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டு போனேன். அவன் இப்போது வீடுகளின் கராஜ் கதவுகளைப் பழுது பார்க்கும் வேலை செய்கிறான். உடம்பு கனத்திருந்தது. பின்பக்கத் தோட்டத்தில் உட்கார்ந்தோம். அவன் மனைவி யோலான்டா உள்ளே சமைத்துக்கொண்டிருந்தாள்.

நான் சுற்றி வளைக்கவில்லை. "ராமோன், டேல்கிட்ட உன் கையைப் பத்திச் சொன்னது ட்ரெய்னர் இல்ல. நான்தான்."

அவன் ஆச்சரியப்படவில்லை. "தெரியும்" என்றான்.

"எப்போ தெரியும்?"

"அன்னைக்கே. யார் சொன்னாங்கன்னு டேல்கிட்ட நான் கேட்டேன். அவர்தான் பொய் சொல்ல மாட்டாரே. உன் பேரைச் சொன்னார். எத்தனை மாத்திரைன்னுகூட நீ சொன்னதைச் சொன்னார்."

எத்தனை போன்கள், எத்தனை பார்சல்கள், ஒவ்வொன்றையும் என்ன நினைத்துக்கொண்டு வாங்கியிருப்பான். "அப்போ என்கிட்ட ஏன் ட்ரெய்னர்னு சொன்னே? ஏன் கட்டிப் பிடிச்சே?"

"நீ மறுநாள் அங்க நிக்கணும்" என்றான். இடது உள்ளங்கையை வலது பெருவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தான். "எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, அதையும் தலையில வச்சுக்கிட்டு உன்னால எப்படி அடிக்க முடியும்? நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தனாவது அடிக்கட்டும்னு நினைச்சேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அப்படியும் நீ ஒண்ணுகூட அடிக்கலையே, நசீர்" என்றான்.

அவன் சிரிக்கவில்லை. யோலான்டா சோறும் பீன்ஸும் எடுத்து வந்தாள். மூன்று பேரும் சாப்பிட்டோம், அவள் மட்டும் பேசிக்கொண்டிருந்தாள். நான் கிளம்பும்போது அவன் வாசல் வரை வரவில்லை. இந்த மாதம் நான் அவனுக்கு இன்னும் போன் செய்யவில்லை.